மண்ணில் கொட்டிய இரண்டு குடம் நல்ல தண்ணீர்

என் வயதை ஒத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, "நம்ம காலம் மாதிரி வருமா" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அந்த நமக்குத்தான். நம் காலத்தைப் பெருமையாகச் சொல்ல நான் வரவில்லை. எனக்குக் கோபம். எட்டாவது வரைதான் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை என் மகன் கடைச் சரக்கு ஏற்ற ஒரு சின்ன லோடு வண்டி வாங்கினான். வாசலில் நிறுத்தி, சந்தனம் பூசி, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காய் சுற்ற வந்தவர் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகன் காதில் என்னவோ சொன்னார். மகன் என்னிடம் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல், "எம்மா, வண்டி தெரு முக்கு திரும்புத வரைக்கும் நீங்க கொஞ்சம் உள்ள இருங்களேன்" என்றான்.

என் வீட்டுக்காரர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது.

எழுந்து உள்ளே போய்ப் பூஜை அறையில் உட்கார்ந்துகொண்டேன். கால் தானாகப் போய்விட்டது. உட்கார்ந்த பிறகுதான் உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. முருகா என்று படத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அத்தை நினைவுக்கு வந்தாள். அத்தையும், அப்பாவின் பழைய லாரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது. முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விட்டிருந்த சித்திரை மாதம். அப்பா தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். உடன்குடிப் பக்கமிருந்து சரக்கு வரவேண்டும். வாடகை லாரிக்காரர்கள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்ததில் ஒரு லோடு கருப்பட்டி மழையில் இளகிப் பாகாய்ப் போய்விட்டது. அந்த ரோஷத்தில் அப்பா, உப்பளத்தில் ஓடி ஓய்ந்துபோன ஒரு லாரியை வாங்கிவிட்டார். வாங்கியதோடு நிற்கவில்லை. அதைத் தன் கையாலேயே ரிப்பேர் செய்து ஓட்டுவேன் என்று கடைத்தெருவில் சவாலும் விட்டுவிட்டார். ஓட்ட ஓரளவு பழகியிருந்தார். ஆனால் அதுவரை அவர் சைக்கிளுக்குக் காற்றடித்ததைத் தவிர வேறு ரிப்பேர் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த லாரியை இன்னொரு லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் உடைமுள் மரத்தடியில் அது நின்றது. நீண்ட மூக்கு, ஒற்றைக் கண். இன்னொரு விளக்கு இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. கதவு கம்பி போட்டுக் கட்டியிருந்தது. தொட்டால் துரு உதிரும். பக்கத்தில் போனால் பழைய டீசலும் உப்பும் எலிப் புழுக்கையும் கலந்த ஒரு வாடை அடிக்கும். டிரைவர் இடத்துக்கு மேலே ஒரு முருகன் படம். உப்புக் காற்றில் சாமி முகம் அரித்துப் போய் வேல் மட்டும்தான் தெரிந்தது. அதற்குத் தினமும் நான் ஊதுபத்தி கொளுத்தி வைப்பேன். கதவோரத்தில் பித்தளைக் குழலும் ரப்பர் பந்துமாக ஒரு ஹாரன் உண்டு. அமுக்கினால் வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். அந்த ஹாரன் எந்தப் பழைய இரும்புக் கடையில் போய் முடிந்ததோ, தெரியாது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஒரே தங்கை. இருபத்துநான்கு வயது. உப்பு லாரி ஓட்டியவருக்கு வாழ்க்கைப்பட்டு, லாரி ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறையில் இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினாள். மாமா மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். படுக்கையில் கிடந்துதான் செத்தார். ஆனால் சொந்தக்காரர்கள் பேச்சில் எப்படியோ "லாரிக்காரனை முழுங்கினவ" என்று ஆகிவிட்டது. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் எங்களோடு இருந்தாள்.

பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், அடுத்த தெருவில் இருந்தார். அவர் சொல்லுக்கு அப்பா மறுசொல் சொன்னதில்லை. ஆழ்வார்திருநகரியில் தூரத்துச் சொந்தக்காரர் வீடு ஒன்று இருந்தது. பெரிய வீடு, ஏழு மாடு. சமைக்கவும் சாணி அள்ளவும் ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அத்தையை அங்கே அனுப்பிவிடச் சொல்லிப் பெரியப்பா நெருக்கிக்கொண்டே இருந்தார். அப்பாவுக்கு மனசில்லை. ஒருநாள் அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"லாரி ஓடட்டும்ளா. ஒரு நல்லது நடந்துட்டுன்னா, அவ வந்த நேரம் சரியில்லன்னு எவனும் பேச மாட்டான். இங்கனயே இருந்துட்டுப் போட்டும்."

ஆக, அத்தை எங்கே இருப்பது என்பது அந்த லாரி ஓடுவதில் தொங்கியது. அத்தைக்கும் அது தெரியும். ஆனால் அவள் லாரிப் பக்கம் போகக்கூடாது. அது பெரியப்பா போட்ட கட்டளை. அவள் கை பட்டால் விளங்காதாம்.

அப்பா வேலையைத் தொடங்கினார். கடை சாத்துகிற மத்தியான நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு லாரிக்கு அடியில் நுழைந்துவிடுவார். கழற்றிய நட்டு, போல்ட்டையெல்லாம் கருப்பட்டி மிட்டாய் வைக்கிற சின்ன ஓலைப்பெட்டிகளில் வகைவகையாகப் போட்டு வரிசையாக வைப்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"பெத்த பிள்ள தலைக்கு எண்ண தேய்ச்சி விட நேரமில்ல. இந்த இரும்புக் கழுதைக்குத் தெனமும் எண்ணக் குளியலு."

தெருக்காரர்களும் சும்மா விடவில்லை. "என்ன அண்ணாச்சி, மாசம் எத்தன? எப்பப் பொறக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்பா லாரிக்கு அடியிலிருந்தே, "பொறந்ததும் ஒன் மேல ஏத்தித்தான்டே பேரு வைப்பேன்" என்று கத்துவார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஆடு வந்து ஓலைப்பெட்டிகளைக் கவிழ்த்துவிட்டது. இரண்டு பெட்டியைத் தின்றும்விட்டது. பதினைந்து பெட்டி நட்டு, போல்ட்டும் ஒரே குவியலாகக் கிடந்தன. அப்பா அதன் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர், அப்படியே எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அத்தை என்னைக் கூப்பிட்டாள். "ஏளா, அதெல்லாத்தையும் மடியில அள்ளிட்டு இங்கன வா."

துவைக்கிற கல்லில் பரப்பி, மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நட்டை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்ப்பாள். மரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பாள். "இது சக்கரத்துக்குள்ளது. இது கியர்ப் பெட்டி மூடிக்கு. இந்த நாலும் தண்ணி பம்புக்கு" என்று பிரித்துப் பிரித்து வைத்தாள். அவள் முகம் அப்படி விரிந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மாமாவுக்குக் கிளீனர் வராத நாட்களில் இவள்தான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, விளக்குப் பிடித்து, கூடவே படுத்துக்கிடந்து பார்த்திருக்கிறாள்.

"அப்பா கேட்டா என்னத்த சொல்ல?" என்றேன்.

"நீயே பிரிச்சேன்னு சொல்லு. எம்பேர எடுத்தா கெட்டுச்சு."

அப்படியே சொன்னேன். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். "எம்மவ மூளையப் பாத்தியாளா!" என்று அம்மாவிடம் காட்டினார். தெருமுனை ராவுத்தர் கடையிலிருந்து எனக்கு மட்டும் பன் பட்டர் பிஸ்கட் வந்தது. நான் அதைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அத்தைக்குப் பாதி கொடுத்தேனா என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். நினைவில் இல்லை. கொடுத்திருந்தால் நினைவிருந்திருக்கும்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அப்பா எங்காவது மாட்டிக்கொண்டு விழிப்பார். நான் தண்ணீர் குடிக்க வருகிற மாதிரி அடுக்களைக்கு வருவேன். அத்தை அம்மியில் அரைத்துக்கொண்டே, தலை நிமிராமல் வழி சொல்லுவாள். நான் போய் அப்பாவிடம், "இப்படிச் செஞ்சு பாத்தா என்னப்பா?" என்பேன்.

எல்லாம் மாட்டி முடித்து, தெரு ஆண்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளியும் லாரிக்கு உயிர் வரவில்லை. மூன்று நாள் தள்ளினார்கள். மிச்சமாகிப்போன மூன்று போல்ட்டை அப்பா கையில் வைத்துக்கொண்டு, "கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டிருக்கான்" என்று சொன்னதுக்குத் தெருவே சிரித்தது. நான் அடுக்களைக்கு ஓடினேன்.

"டீசல் குழாய்க்குள்ள காத்து புகுந்திருக்கும்" என்றாள் அத்தை. "வடிகட்டிக்கு மேல சின்னதா ஒரு திருகாணி இருக்கும். அத லேசாத் தளர்த்திட்டுக் கைப்பம்ப அடிக்கச் சொல்லு. மொதல்ல நுரை வரும். நுரை நிக்குத வரைக்கும் அடிக்கணும். சுத்தமா டீசல் வந்ததும் இறுக்கிரணும். ஓடு."

அப்படியே செய்தார்கள். புகைபோக்கியிலிருந்து முதலில் ஒரு கரிய துப்பல். பிறகு மரமே நடுங்குகிற மாதிரி ஓர் உறுமல். தெருக் கோழியெல்லாம் பறந்தது. அப்பா கண்ணில் நீர் வழியச் சிரித்தார். என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அந்த வாத்து ஹாரனை அமுக்க வைத்தார். தோள் மேலிருந்து பார்த்தேன். அடுக்களை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

இனிமேல்தான் தண்ணீர்க் கதை.

அந்த நாளில் எங்கள் தெருக்குழாயில் நல்ல தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். வரிசையில் குடம் போட்டுச் சண்டை பிடித்துத்தான் பிடிக்க வேண்டும். குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் அது. கொல்லைக் கிணற்றில் இருப்பது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அதுதான். லாரி என்ஜினைத் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் ஓட விட்டு அப்பா பார்ப்பார். சூடேறி ஆவியாய்ப் போனதற்குப் பதிலாக ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுகிறது என் வேலை. கிணற்றில் இறைத்து ஊற்றினேன். நம்ம ஊரில் வேறு எந்தத் தண்ணீரை லாரிக்கு ஊற்றுவார்கள்?

இரண்டாம் நாளே அத்தை பார்த்துவிட்டாள். "ஏளா, கிணத்துத் தண்ணியவா ஊத்துத? வேண்டாம். உள்ள இருக்கது சின்னச் சின்னக் குழாயி. சூட்டுல தண்ணி போயிரும், உப்பு தங்கிரும். நல்ல தண்ணி ஊத்தச் சொல்லு அப்பாவ."

அன்றைக்குக் காலையில்தான், சொல்லாமல் பாண்டி விளையாடப் போனதற்கு அத்தை என் காதைத் திருகியிருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம். அந்தக் கோபத்தில், வழக்கம்போல என் யோசனையாகச் சொல்லாமல், "அப்பா, நல்ல தண்ணி ஊத்தணுமாம். அத்தை சொல்லுதா" என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "குடிக்க நாதியில்ல, லாரிக்கு நல்ல தண்ணியா? லாரியப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? வாயக் கட்டிட்டு இருக்கச் சொல்லு. அண்ணன் காதுல விழுந்தா அவளுக்குத்தான் கேடு."

இதை என் யோசனையாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். பத்து வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தால் மூளை. இரண்டு வருஷம் லாரிக்கு அடியில் கிடந்து கற்றவள் வாயிலிருந்து வந்தால் அபசகுனம். இதை நான் எங்கே போய்ச் சொல்லி அழுவேன்?

ஆடி பிறப்பதற்குள் முதல் ஓட்டம் ஓட்டிவிட வேண்டும் என்று பெரியப்பா ஆனி மாதக் கடைசி வெள்ளியைக் குறித்துக் கொடுத்தார். லாரியோடு திருச்செந்தூர் போய்ச் சாமி கும்பிட்டு, திரும்பும்போது உடன்குடியில் கருப்பட்டி ஏற்றி வருவதாக ஏற்பாடு. அப்பாவும் பெரியப்பாவும் அம்மாவும் நானும் போவதாக இருந்தது. அத்தை வீட்டுக்குள் இருக்க வேண்டும், லாரி தெரு முக்கு திரும்பும் வரை வெளியே வரக்கூடாது என்று முந்தின நாளே சொல்லியாகிவிட்டது.

அன்று குழாய் முறை. அத்தை விடியுமுன்னே போய் நின்று இரண்டு குடம் நல்ல தண்ணீர் பிடித்து வந்திருந்தாள். மாலை போட்டு, சூடம் ஏற்றப் போகிற நேரம். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்றாக அந்தக் குடங்களோடு கொல்லை வழியாக நேரே லாரிக்கு முன்னால் வந்துவிட்டாள். கட்டளை போட்ட இத்தனை மாதத்தில் அவள் லாரிப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"நில்லுளா!" பெரியப்பா போட்ட சத்தத்தில் சூடத் தட்டு ஆடியது. "நல்ல காரியம் நடக்கையில எங்க வந்து நிக்க?"

"பெரியண்ணே, உள்ள கெடக்க தண்ணிய வடிச்சிட்டு இத ஊத்திக்கிடுங்க. தொலவட்டு ஓட்டம், திருச்செந்தூர் வரைக்கும். கிணத்துத் தண்ணி தாங்காது. ஊத்துன ஒடனே நான் உள்ள போயிருதேன்."

"அறுத்தவ கையால தண்ணியா? அந்த முருகனுக்கே அடுக்காது. கொட்டு கீழ!"

அத்தை நகரவில்லை. அவள் குரல் உயரவும் இல்லை. "எந்திரத்துக்குக் கையி தெரியாதுண்ணே. உப்புத்தான் தெரியும்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா லாரியின் மூக்கைப் பார்த்தார். மாலையில் பிய்ந்திருந்த ஒரு பூவைச் சரி செய்தார். அத்தை பக்கம் அவர் திரும்பவே இல்லை. கடைசியில் அம்மாதான் போய்க் குடங்களை வாங்கினாள். "மைனி, வேண்டாம் மைனி" என்றாள் அத்தை. அம்மா ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் மண்ணில் கவிழ்த்தாள். குடிக்கத் தண்ணீருக்கு அடித்துக்கொள்கிற தெரு. தேரிக்காட்டுச் செம்மணல் மாதிரி அந்த மண் சத்தமில்லாமல் குடித்துவிட்டது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தர்கூட ஐயோ என்று சொல்லவில்லை.

"சின்னப் பிள்ள கையால ஊத்தட்டும்" என்றார் பெரியப்பா. நான் ஓடிப்போய்க் கிணற்றில் இறைத்து வந்து நிரம்ப ஊற்றினேன். அத்தை சொன்னதுதான் சரி என்று சொல்ல எனக்கு மட்டும் வாய் வந்ததா?

லாரி கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். அடுக்களை ஜன்னலில் அத்தை. எனக்குக் கையைக் காட்டினாள். நானும் காட்டினேன்.

பழையகாயல் தாண்டவில்லை. இரண்டு பக்கமும் உப்பளம், வெயிலில் கண் கூசுகிறது. லாரி மூக்கிலிருந்து முதலில் மெல்லிய ஆவி. பிறகு புஸ்ஸென்று வெள்ளைப் புகை. அப்பா நிறுத்தி இறங்கி, துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். ஆறவிட்டுத் திறக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் வீட்டில் இருந்தாள். மூடி பறந்தது. கொதித்த தண்ணீர் அப்பாவின் இரண்டு கையிலும் கழுத்திலும் அடித்தது. அந்த அலறல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். தங்களுக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீரை, நல்ல தண்ணீரை, குடத்தோடு கொண்டு வந்து அப்பா கையில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் யார் தாலி கட்டியவள், யார் அறுத்தவள் என்று பெரியப்பா கேட்கவில்லை. "ஊத்துங்க தாயி, இன்னும் ஊத்துங்க" என்றுதான் கெஞ்சினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

"ஏளா, நாம கெளம்பும்போது ஒங்க அத்தை எங்கன நின்னா?"

"ஜன்னல்ல."

"நீ பாத்தியா?"

"ஆமா. கையக் காட்டுனா."

அவர் எழுந்து உள்ளே போய், கட்டுப் போட்டுக் கிடந்த அப்பாவிடம், "கேட்டுக்கோ. அவ மொகத்துல முழிச்சிட்டுத்தான் கெளம்பியிருக்கோம். பிள்ளையே பாத்திருக்கு" என்றார். பொய் சொல்லாத பிள்ளை என்று எனக்குப் பேர். அந்தப் பேரை வைத்துத்தான் அத்தையை மூட்டை கட்டினார்கள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு புடவை. மறுநாள் காலை பஸ்ஸில் ஆழ்வார்திருநகரிக்குப் பெரியப்பாவே கொண்டுபோய் விட்டுவந்தார். போகும்போது அவள் என் தலையைத் தடவினாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து, பட்டறைக்காரர் ஒருவர் லாரியை இழுத்து வந்து ரேடியேட்டரைக் கழற்றினார். கட்டுப் போட்ட கையோடு அப்பா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். பட்டறைக்காரர் கம்பியால் குத்திக் கவிழ்த்துத் தட்டினார். வெள்ளை வெள்ளையாகக் கை நிறைய உதிர்ந்தது.

"அண்ணாச்சி, இது ரேடியேட்டரா உப்பளமா? இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருந்தா வாரி மூட்டையே கட்டியிருக்கலாம் போலுக்கே. எந்தப் புண்ணியவான் இதுக்கு உப்புத் தண்ணி ஊத்துனது?"

அப்பா குனிந்து அந்த உப்பையே பார்த்தார். பட்டறைக்காரர் போன பிறகு நான் சொன்னேன். "அத்தை அன்னைக்கே சொன்னாளேப்பா."

"தெரியும். சும்மா இரு."

"அப்ப அத்தையப் போயிக் கூட்டிட்டு வாங்க."

அப்பா கட்டுப் போட்ட தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்ணன் சொல்லி அனுப்புனது. இனிமே போயி என்னன்னு சொல்லிக் கூப்புடுவேன்?"

பாருங்கள், இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தெரியாமல் செய்தார்கள் என்றால் மன்னித்துவிடலாம். உப்பைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அப்பா அம்மாவிடமும் சொன்னார். பெரியப்பாவுக்கும் தெரிந்தது. "நேரம் சரியில்லன்னா எல்லாம் ஒண்ணாத்தான் வரும்" என்று அவர் முடித்துக்கொண்டார். புது ரேடியேட்டர் வந்தது. அன்றிலிருந்து குழாயில் பிடிக்கிற முதல் குடம் நல்ல தண்ணீர் லாரிக்கு. அப்புறம்தான் எங்களுக்கு. அத்தை சொன்னதை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அத்தையை வைத்துக்கொள்ளவில்லை.

நான் தினமும் விளக்கேற்றுகிறவள். சஷ்டி தவறினதில்லை. ஆனால் சாமிக்கு அடுக்காது என்று ஒரு மனுஷியை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நாக்கு துடிக்கிறது. முருகனா உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னான்? அவன் பேரைச் சொல்லி ஊற்றினது நாங்கள். முகம் அரித்த அந்தப் படத்தில் அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மறு வருஷம் வைகாசியில் கருட சேவை பார்க்க, அதே லாரியில் ஆழ்வார்திருநகரி போனோம். எல்லாரும் கோயிலுக்குப் போக, நான் வயிற்று வலி என்று சொல்லி அந்தச் சொந்தக்காரர் வீட்டிலேயே தங்கிவிட்டேன். தொழுவத்திலிருந்து அத்தை வந்தாள். இளைத்திருந்தாள். கையெல்லாம் வெடிப்பு. என்னைக் கட்டிக்கொண்டு, "லாரியிலயா வந்திய?" என்றாள்.

கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். நிழலில் நின்ற லாரியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஆறியிருந்தது. படியில் ஏறி, துணியை வைத்து மூடியைக் கால் திருகு திருகி, காத்திருந்து, பிறகு முழுசாகத் திறந்தாள். உள்ளே விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நல்ல தண்ணி."

"ஆமா அத்தை. இப்பல்லாம் நல்ல தண்ணிதான்." பட்டறைக்காரர் சொன்னதை அவளிடம் சொன்னேன். உப்பு கொட்டினது, உப்பளமா என்று கேட்டது, எல்லாவற்றையும். அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. லாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அப்ப அண்ணனுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பெரியண்ணனுக்கு?"

"தெரியும்."

மூடியை நிதானமாக இறுக்கினாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் இங்கன எதுக்குளா இருக்கேன்?"

கோயிலிலிருந்து வந்தவர்களிடம் அதைக் கேட்கப் பதினொரு வயதில் எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தை அந்த வீட்டில்தான் இருந்தாள். அந்த மாடுகள் போய், அவற்றின் கன்றுகள் போய், அந்தத் தொழுவமே இடிந்த பிறகும் அங்கேதான் இருந்தாள். அங்கேதான் இறந்தாள். அதற்கு வெகு காலம் முன்பே லாரி இரும்பு விலைக்குப் போய்விட்டது. அப்பா கையில் அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது. சாப்பிடும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் பூஜை அறையில் போய் உட்கார்ந்தபோது, அத்தை கேட்ட அந்தக் கேள்விதான் எனக்குக் கேட்டது. இந்த வீட்டில் எத்தனை வருஷம் உலை வைத்திருக்கிறேன். நான் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறேன்?

இன்று காலை மகன் வண்டியை எடுத்தான். நான் வாசலில் இறங்கிப் போய் நேர் எதிரில் நின்றேன். ஹாரன் அடித்தான். நகரவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

"எம்மா, எதுக்க நிக்கியளே."

"நிக்கத்தான் வந்தேன்லே. தண்ணி பாத்தியா?"

"புது வண்டிம்மா. அதெல்லாம் கம்பெனியிலேயே ஊத்திக் குடுத்திருவான்."

"தெறந்து காட்டு."

என்னை ஒரு தரம் பார்த்தான். என்ன தெரிந்ததோ, இறங்கித் திறந்து காட்டினான். கோடு வரைக்கும் பச்சை நிறத் தண்ணீர் இருந்தது. குனிந்து நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

"சரி. இப்ப எடு."

"நீங்க நகந்தாத்தானம்மா எடுக்க முடியும்."

"நான் நகர மாட்டேன். தெரு அகலமாத்தான கெடக்கு. நீ சுத்திப் போ."

பின்னால் எடுத்து, ஒடித்து, என்னைச் சுற்றிக்கொண்டு போனான். போகும்போது வண்டியின் மூக்கில் என் கையை வைத்தேன். தெரு முக்கு திரும்பும் வரை அங்கேயே நின்றேன். நாளைக்கும் நிற்பேன்.